கம்ப்யூட்டருக்குள் துடிக்கும் இதயம்: நிரல் திறந்திருக்கிறது, எண்கள் எங்கே?

‘டிஜிட்டல் இதயம் தயார்’ என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நாளில் ‘இனி மருந்தை மிருகங்கள் மேல் சோதிக்க வேண்டியதில்லை’ என்று இன்னொன்று. அப்புறம் ‘மனித ரத்த ஓட்டத்தின் சிமுலேஷன், ஓப்பன் சோர்ஸாக, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்’ என்று மூன்றாவது. படிக்கிறவர்களுக்கு இது மூன்றும் ஒரே விஷயம் போலத் தோன்றும். ஆனால் மூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு கணக்குகள், வெவ்வேறு கேள்விகள். எது எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் அடுத்த முறை தலைப்பைப் பார்த்து ஏமாற வேண்டியிருக்காது.

## முதலில், மாடல் என்றால் எந்த மாடல்?

இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர நாலு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

1. ஜீரோ பரிமாண மாடல். உடம்பைச் சில பெட்டிகளாகப் பிரித்துக்கொள்வது: இடது கீழறை ஒரு பெட்டி, தமனிகள் ஒரு பெட்டி, சிரைகள் ஒரு பெட்டி, நுரையீரல் ஒரு பெட்டி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு ரத்தம், எவ்வளவு அழுத்தம் என்பது மட்டும் தெரியும். குழாயின் வளைவு, வடிவம் எதுவும் கிடையாது.

2. ஒரு பரிமாண மாடல். குழாயின் நீளவாக்கில் அழுத்த அலை எப்படி ஓடுகிறது, கிளை பிரியும் இடத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கணக்கிடும். மணிக்கட்டில் தெரியும் நாடியின் வடிவம் ஏன் நெஞ்சுக்குள் இருப்பதிலிருந்து மாறுகிறது என்ற கேள்விக்கு இது போதும்.

3. முப்பரிமாண மாடல். ஒரு குறிப்பிட்ட நோயாளியின் ஸ்கேனிலிருந்து குழாயின் அசல் வடிவத்தை எடுத்து, உள்ளே ரத்தம் எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது, சுவரை எவ்வளவு உரசுகிறது என்று பார்ப்பது.

4. மின் மாடல். ரத்தத்தை விட்டுவிட்டு, இதயத் தசையில் மின் அலை பரவுவதை மட்டும் பார்ப்பது. துடிப்புக் கோளாறு, மருந்துப் பக்கவிளைவு எல்லாம் இந்தப் பக்கம்.

செய்தியில் வரும் வண்ணப்படம் எப்போதும் மூன்றாவது அல்லது நாலாவது வகை. ஆராய்ச்சியில் அதிகம் உதவுகிற முதல் வகைக்குப் படமே கிடையாது, அதனால் அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நாம் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

## 120/80 என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1733இல் வெளியிட்ட நூலில், குதிரையின் தமனியில் குழாய் செருகி ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்ததைச் சொல்கிறார். தமனி விரிந்து சுருங்குவதை அந்தக் காலத்துத் தீயணைப்புப் பம்பில் இருந்த காற்றறையோடு ஒப்பிட்டவரும் அவரே. பம்ப் விட்டு விட்டு அடித்தாலும் காற்றறை அமுங்கி விரிந்து தண்ணீரைத் தொடர்ச்சியாக வெளியே தள்ளும். 1899இல் ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் இதைச் சமன்பாடாக எழுதினார். விண்ட்கெஸல் மாடல் என்று இன்றும் அழைக்கப்படுவது அதுதான்.

இதற்குத் தேவைப்படுவது இரண்டே எண்கள். ஒன்று, சின்னக் குழாய்கள் ஓட்டத்துக்குத் தரும் தடை. இன்னொன்று, பெரிய தமனிகளின் நெகிழ்வு, அதாவது அழுத்தம் ஒரு மி.மீ. பாதரசம் ஏறினால் எத்தனை மி.லி. ரத்தம் கூடுதலாக உள்ளே பிடிக்கும் என்பது.

போட்டுப் பார்ப்போம். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர், விநாடிக்குச் சுமார் 84 மி.லி. சராசரி அழுத்தம் 93 என்று வைத்துக்கொண்டால், தடை 93 வகுத்தல் 84, சுமார் 1.1. நெகிழ்வை 1.3 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1.4 விநாடி வரும். அழுத்தம் எவ்வளவு வேகமாக வடியும் என்பதை இந்த ஒரே எண் சொல்லிவிடுகிறது. வால்வு மூடும்போது அழுத்தம் 110 என்றால், அடுத்த துடிப்பு வருவதற்குள் கிடைக்கும் அரை விநாடியில் அது 78க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். டாக்டர் கீழே எழுதுகிற 80 இப்படித்தான் வருகிறது.

இப்போது தடையைத் தொடாமல் நெகிழ்வை மட்டும் பாதியாக்குங்கள். வயதானால் பெருந்தமனி விறைத்துப் போகுமே, அதுதான் இது. வடியும் நேரம் 0.7 விநாடியாகிவிடும், அரை விநாடியில் அழுத்தம் பாதியாகச் சரியும். இதயம் தள்ளும் ரத்தமும் சராசரி அழுத்தமும் மாறவில்லை, ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. முதியவர்கள் பலருக்கு 160/70 போல மேலே மட்டும் ஏறி நிற்பதற்கான அடிப்படைக் காரணம் இந்த இரண்டு வரிக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம், எக்ஸெல் போதும்.

ஆராய்ச்சி மென்பொருள்கள் இதையேதான் பெருக்கிச் செய்கின்றன. இதயத்தை வெறும் பம்ப்பாக வைக்காமல், நேரத்துக்கேற்ப விறைப்பு ஏறி இறங்கும் பையாக வைப்பார்கள். ஹிரோயுகி சுகாவும் கிச்சி சாகாவாவும் 1970களில் நாய் இதயங்களில் அளந்து காட்டிய வழி அது. எம்.ஐ.டி.யில் பாடம் நடத்த உருவான சிவிசிம் என்ற மென்பொருளில் 6 பெட்டி வடிவமும் உண்டு, 21 பெட்டி வடிவமும் உண்டு. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் பிபி எப்படி இறங்கி மீள்கிறது என்பதை 21 பெட்டிக்காரன் அழகாகக் காட்டிவிடுவான். நிரல் ஃபிசியோநெட் தளத்தில் இலவசம்.

இதே பரம்பரையின் பெரியண்ணன் ஆர்தர் கைட்டனும் குழுவும் 1972இல் வெளியிட்ட மாடல். சிறுநீரகம், ஹார்மோன், நரம்பு எல்லாம் சேர்ந்து ரத்த அழுத்தத்தை எப்படிப் பிடித்து வைக்கின்றன என்று பக்கம் முழுக்கக் கட்டங்களும் கோடுகளுமாக ஒரு வரைபடம். நீண்டகால ரத்த அழுத்தத்தின் கடிவாளம் சிறுநீரகத்திடம் இருக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மிசிசிப்பியில் இதன் வழித்தோன்றல்தான் ஹம்மாட் என்ற மென்பொருள். அமெரிக்க ராணுவ நிதியில் வந்த பயோகியர்ஸ், அதிலிருந்து பிரிந்து கிட்வேர் நிறுவனம் வளர்க்கும் பல்ஸ் எஞ்சின் இரண்டும் ரத்தப்போக்கு, மயக்க மருந்து போன்றவற்றுக்கு உடம்பு காட்டும் பதிலைக் கணக்கிட்டு, மருத்துவப் பயிற்சி பொம்மைகளுக்கும் விளையாட்டு வடிவப் பயிற்சிகளுக்கும் பின்னால் ஓடுகின்றன. இரண்டும் அபாச்சி லைசென்ஸில், வணிகத்துக்கும் சேர்த்தே திறந்திருக்கின்றன.

## ஸ்கேனிலிருந்து ரத்த ஓட்டம் வரை

முப்பரிமாணத்தில் பெயர் பெற்ற ஓப்பன் சோர்ஸ் கருவி ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த சிம்வாஸ்குலர். வேலை இந்த வரிசையில் நடக்கும்:

1. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தை ஏற்றி, குழாயின் நடுக்கோட்டை வரைவது.
2. நடுக்கோட்டின் மேல் அங்கங்கே குறுக்குவெட்டு எடுத்து, சுவரின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுவது. பாதி தானியங்கி, பாதி கைவேலை.
3. அந்த வளையங்களை இணைத்து முழுக் குழாயாக்கி, உள்ளே லட்சக்கணக்கான சின்ன நான்முகிகளாக நறுக்குவது. இதற்கு மெஷ் என்று பெயர்.
4. ரத்தம் உள்ளே வரும் வாயிலிலும் வெளியேறும் ஒவ்வொரு வாயிலிலும் என்ன நடக்கிறது என்று சொல்வது. இவைதான் எல்லை நிபந்தனைகள்.
5. திரவ ஓட்டத்துக்கான நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைச் சில துடிப்புகளுக்குத் தீர்க்க விட்டுவிட்டுக் காத்திருப்பது.

மொத்த வித்தையும், மொத்த வம்பும், இரண்டாவதிலும் நாலாவதிலும்தான் இருக்கிறது. ஐந்தாவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது புவாஸேய் விதி, பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதய ரத்தக் குழாய் ஒன்றின் விட்டம் 3 மி.மீ. என்று வையுங்கள். கோடு போடுகிறவர் 10 சதவீதம் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டால் அந்தத் துண்டின் தடை 50 சதவீதத்துக்கு மேல் எகிறிவிடும். 10 சதவீதம் என்பது 0.3 மி.மீ. சி.டி. ஸ்கேனில் ஒரு பிக்ஸலின் அளவே அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்! திரையில் மவுஸ் லேசாக நகர்ந்ததற்கும் ‘அடைப்பு தீவிரம்’ என்ற முடிவுக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம்.

நாலாவது இன்னும் நுட்பமானது. பெருந்தமனியை மாடலாகக் கட்டினால் கிளைகளை ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். உடம்பிலுள்ள எல்லா நுண்குழாய்களையும் மெஷ் போட முடியாது. வெட்டிய வாயில் ஒவ்வொன்றிலும் அதற்கு அப்பாலுள்ள உடம்பின் பிரதிநிதியாக ஒரு விண்ட்கெஸல் ஒட்டவைக்கப்படும். ஆமாம், மேலே நாம் எக்ஸெலில் போட்ட அதே 1899ஆம் ஆண்டுச் சரக்குதான். பளபளக்கும் முப்பரிமாணப் படத்தில் ரத்தம் இடது கிளைக்கு எவ்வளவு, வலது கிளைக்கு எவ்வளவு என்று பெருமளவு தீர்மானிப்பது அந்த வெளியே ஒட்டிய பெட்டிகளின் எண்கள். அவற்றை எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற கேள்விக்குப் பல நேரம் பதில், ‘நோயாளியின் பிபியும், மொத்த ஓட்டமும், மீதி பொதுவான சராசரியும்’ என்பதுதான்.

## இந்தக் கணக்கு நிஜ ஆஸ்பத்திரிக்குப் போன கதை

இதய ரத்தக் குழாயில் அடைப்பு தெரிந்தால் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா என்று முடிவெடுக்க ஓர் அளவு உண்டு. மெல்லிய அழுத்தக் கம்பியை உள்ளே விட்டு, மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய், அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை முன்னாலுள்ளதால் வகுப்பார்கள். எஃப்.எஃப்.ஆர். எனப்படும் அந்த எண் 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே பாதிக்கிறது என்று பொருள்.

கம்பி விடாமல், சி.டி. படத்தை மட்டும் வைத்து இதைக் கணக்கிட முடியுமா? சிம்வாஸ்குலரைத் தொடங்கிய சார்லஸ் டெய்லர், அறுவை மருத்துவர் கிறிஸ்டஃபர் சாரின்ஸுடன் சேர்ந்து 2007இல் நிறுவிய ஹார்ட்ஃப்ளோ இதைத்தான் செய்தது. 2014இல் எஃப்.டி.ஏ., அதாவது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு, அனுமதி கொடுத்தது. அடிப்படை இயற்பியல் எல்லோருக்கும் தெரிந்ததே, ஆனால் அந்த நிறுவனத்தின் மென்பொருள் மூடியது. நுண்குழாய்த் தடையை இதயத் தசையின் எடையிலிருந்து மதிப்பிடுவது, மருந்து கொடுத்தால் அது எவ்வளவு இறங்கும் என்பதற்குப் பொதுவான ஓர் அளவை வைத்துக்கொள்வது என்று இதிலும் ஊகங்கள் உண்டு. நோயாளிக்கு நோயாளி நுண்குழாய்கள் வேறுபடும் என்பதால் எல்லைக்கோட்டில், 0.78, 0.82 என்று வரும் எண்களில், கவனம் தேவை.

திறந்த பக்கத்தில் நடந்த வேலை வேறு மாதிரி. ஒரே கீழறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யும் ஃபான்டன் அறுவையில், உடம்பின் சிரைகளை நேரடியாக நுரையீரல் தமனியோடு இணைத்துவிடுவார்கள். இடையில் தள்ளிவிட பம்ப் கிடையாது, ஆகவே இணைப்பின் வடிவத்தில் வீணாகும் ஒவ்வொரு துளி ஆற்றலும் பொருட்படுத்த வேண்டியது. மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் நேருக்கு நேர் மோதாமல் சற்று விலக்கி இணைத்தால் இழப்பு குறையும் என்று 1990களில் மிலான், லண்டன் ஆராய்ச்சியாளர்கள் சிமுலேஷனில் காட்டினார்கள். பிறகு ஸ்டான்ஃபோர்டின் அலிசன் மார்ஸ்டன் குழு, கீழ்ச் சிரையிலிருந்து வரும் குழாயைக் கவட்டைக் கம்பு போல இரண்டாகப் பிரிக்கும் வடிவத்தை முன்வைத்தது. கல்லீரலிலிருந்து வரும் ரத்தம் இரண்டு நுரையீரலுக்கும் போகவேண்டும், ஒன்றுக்குப் போகாவிட்டால் அங்கே குழாய்கள் கோளாறாக வளரும் என்பதே காரணம். கடைசியில் கணக்குகள் சொன்னது, எல்லாக் குழந்தைக்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது என்று. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது, செய்தித் தலைப்புக்கு லாயக்கில்லாதது என்றாலும்.

## மருந்தும் மின் அலையும்

‘மருந்தை மிருகங்கள் மேல் சோதிக்க வேண்டியதில்லை’ என்ற செய்திக்குப் பின்னால் இருப்பது நாலாவது வகை, மின் மாடல். இதன் வேர் 1962: டெனிஸ் நோபிள், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புக்கு எழுதிய சமன்பாடுகளை மாற்றி இதய செல்லின் துடிப்பை வெற்றிடக் குழாய்களால் ஆன அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டார்.

1990களில் டெர்ஃபெனடைன் என்ற அலர்ஜி மாத்திரை சிலருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறைக் கொண்டுவந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது; சிஸப்ரைடும் பின்னால் போனது. இரண்டும் இதய செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்ற வாயிலை அடைத்தன. அதிலிருந்து எந்தப் புது மருந்து ஹெர்க்கை அடைத்தாலும் சந்தேகக் கேஸ். சிக்கல் என்னவென்றால், வெரபமில் போன்ற மருந்தும் ஹெர்க்கை அடைக்கும், ஆனால் கால்சியம் வாயிலையும் சேர்த்து அடைப்பதால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். ஒரு வாயிலை மட்டும் பார்த்தால் நல்ல மருந்தும் குப்பைக்குப் போகும்.

எல்லா வாயில்களையும் சேர்த்துக் கணக்கிடும் சிபா என்ற முயற்சி 2013இல் தொடங்கியது. அடிப்படையாக எடுத்தது 2011இல் வெளியான ஓஹாரா–ரூடி செல் மாடல். நூற்றுக்கும் மேற்பட்ட மனித இதயங்களின் அளவீட்டிலிருந்து கட்டியது, நிரல் அப்போதே வெளியில் கிடைத்தது. 28 மருந்துகளை எடுத்து, 12ஐ வைத்துப் பழக்கி, மீதி 16ஐ வைத்துச் சோதித்தார்கள். ஒரு தனி செல்லின் கணக்கு, ஒரு குறிப்பிட்ட ஆபத்துக்கு, மற்ற சோதனைகளோடு சேர்த்து. இதைத்தான் தலைப்பு ‘டிஜிட்டல் இதயம்’ ஆக்குகிறது.

## ஓப்பன் என்றால் எவ்வளவு ஓப்பன்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

1. நிரல் திறந்தும் ஓடாமல் போகலாம். சிம்வாஸ்குலர் 2007இல் வெளிவந்தபோது வடிவம் கட்டவும் மெஷ் போடவும் விலை கொடுத்து வாங்கவேண்டிய வணிகப் பாகங்களை நம்பியிருந்தது. அவற்றுக்கு இலவச மாற்று சேர்த்த பிறகுதான் ஒரு சாதாரண மாணவர் முழு வேலையையும் செலவில்லாமல் செய்ய முடிந்தது.

2. லைசென்ஸைப் படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் சேஸ்ட் என்ற சிமுலேஷன் மென்பொருள் பி.எஸ்.டி. லைசென்ஸில், எதற்கும் பயன்படுத்தலாம். இதய மின்னோட்டத்துக்கான ஓப்பன்கார்ப் நிரலைக் காட்டுகிறது, ஆனால் கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. பெயரில் ஓப்பன் இருந்தாலும் கண்டிப்பான அர்த்தத்தில் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை.

3. நிரல் கிடைத்து எண்கள் கிடைக்காவிட்டால் பயன் பாதிதான். ஒரு கட்டுரையில் சொன்ன முடிவை நீங்கள் திரும்ப வரவழைக்க மெஷ், உள்ளே விட்ட ஓட்டம், ஒவ்வொரு வாயிலின் தடை, நெகிழ்வு எல்லாம் வேண்டும். நோயாளியின் ஸ்கேன் என்பதால் ரகசியக் காரணம் சொல்லி இவை உள்ளேயே தங்கிவிடுகின்றன. பெயர் நீக்கிய மாடல்களைப் பகிரும் வாஸ்குலர் மாடல் ரெபாசிட்டரி இதனால்தான் எனக்கு மென்பொருளைவிட முக்கியமாகத் தெரிகிறது.

எண்களைக் கொடுத்தாலும் ஆட்கள் ஒத்துப்போவார்களா? எஃப்.டி.ஏ. ஒரு சோதனை வைத்தது. 12 மி.மீ. குழாய், குறுகி 4 மி.மீ. ஆகி, சட்டென்று மறுபடி அகலமாகும் ஒரு சாதாரண நாசில். உடம்பே இல்லை, ஸ்கேன் இல்லை, வடிவம் மி.மீ. சுத்தமாகக் கொடுக்கப்பட்டது. உலகம் முழுவதிலிருந்தும் 28 குழுக்களின் கணக்குகள் வந்தன. ஆய்வகங்களில் அளந்ததோடு வைத்துப் பார்த்தால், குறிப்பாகக் குழாய் அகலமாகிற இடத்துக்குப் பின்னால், ஓட்டம் சீராகவும் இல்லாமல் முழுக் கொந்தளிப்பாகவும் இல்லாமல் இருக்கும் நிலையில், கணக்குகள் ஆளுக்கொரு பக்கம் போயின. நேரான ஒரு குழாய்க்கே இந்தக் கதி.

## சட்டம் என்ன சொல்கிறது?

2022 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த சட்டத் திருத்தம் மருந்து அனுமதிக்கு மிருகச் சோதனை கட்டாயம் என்பதை நீக்கி, கம்ப்யூட்டர் மாடல்களையும் மாற்று வழிகளில் ஒன்றாகச் சேர்த்தது. மிருகச் சோதனையைத் தடை செய்யவில்லை, மனிதச் சோதனையைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே, 2018இல் வெளியான, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் வி.வி. 40 என்ற தரநிலை மருத்துவக் கருவி மாடல்களுக்கு ஒரு வழி போட்டிருந்தது. ‘மாடல் சரியா?’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தக் கேள்விக்கு இதைப் பயன்படுத்துகிறீர்கள், முடிவில் இதன் பங்கு எவ்வளவு, தப்பானால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று பார்த்து, அந்த ஆபத்துக்குத் தக்கபடி ஆதாரம் கேட்பது. 2023 நவம்பரில் எஃப்.டி.ஏ. கொடுத்த வழிகாட்டுதலும் இதே போக்கில்தான்.

## ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு

ஜீரோ பரிமாணத்தில் தொடங்குங்கள். மேலே போட்ட கணக்கைப் பைத்தானில் ஒரு சுழற்சியாக எழுதினால் 20 வரிக்குள் முடியும், விநாடியின் ஆயிரத்தில் ஒவ்வொரு பங்குக்கும் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்து நெகிழ்வால் வகுத்தால் அழுத்தம் எவ்வளவு மாறியது என்று கிடைத்துவிடும். அடுத்தது பல்ஸ், ரத்தப்போக்கு போன்ற சூழ்நிலைகள் அதில் தயாராகவே உண்டு. சிம்வாஸ்குலருக்குப் போனால் ரெபாசிட்டரியிலிருந்து ஒரு பெருந்தமனியை எடுத்துக்கொண்டு, முதலில் சுவர் அசையாத வடிவத்திலேயே ஓட்டுங்கள். சாதாரண லேப்டாப்பில் முரட்டு மெஷ் என்றால் சமாளிக்கலாம், மெஷ்ஷை நுணுக்கினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முடிவு வந்ததும் ஒரே ஒரு வாயிலின் தடையை மட்டும் 20 சதவீதம் ஏற்றி மறுபடி ஓட்டி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.